டேங்க் நிறைந்தால் இழுக்காத லாரி: ஒரு டீசல் மூடியின் நிகழ்வு ஆய்வு

புல் டேங்க் அடித்துக் கிளம்பினால் முக்கால் மணி நேரத்தில் வண்டி இழுக்காது. ஏற்றத்தில் கியர் கியராக இறங்கும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் ஆர்.பி.எம். ஏறாமல் கடைசியில் எஞ்சின் அணைந்துவிடும். ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் நின்றால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். டீசல் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் அன்று முழுக்கத் தொல்லை இல்லை.

பல வண்டிகளில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் கோளாறு இது. இங்கே ஒரே வண்டியாக வைத்து எழுதப்பட்டிருக்கிறது. ஆறு சிலிண்டர் காமன் ரெயில் எஞ்சின் (பொதுக் குழாய் ஒன்றிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் உயர் அழுத்த டீசல் போகும் வகை) கொண்ட டிரெய்லர் வண்டி. சேசிஸ் ஓரத்தில் 400 லிட்டர் அலுமினிய டேங்க் ஒன்று. டேங்கின் நீளம் 120 செ.மீ., உயரம் 60, அகலம் 55. டீசலை டேங்கிலிருந்து எஞ்சினுக்கு இழுப்பது எஞ்சின் பக்கம் இருக்கும் ஃபீட் பம்ப். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்கு வெளிக்காற்று வர வேண்டும்; அது வரும் வழிதான் டேங்கின் மூச்சு. வழி அடைபட்டால் டேங்குக்குள் அழுத்தம் விழுந்து, பம்ப்பால் டீசலை இழுக்க முடியாது.

டேங்க் மூடியைச் சந்தேகிக்கும் முன்பு மாற்றப்பட்டவை: டீசல் ஃபில்டர் இரண்டு முறை, வாட்டர் செப்பரேட்டர், ஃபீட் பம்ப், டேங்க் முதல் பம்ப் வரையிலான ஹோஸ், அதன் இரு முனையிலும் இருக்கும் செம்பு வாஷர்கள். ஒவ்வொன்றையும் மாற்றிய பிறகு வண்டி நன்றாகத்தான் ஓடியது. அடுத்த புல் டேங்க் வரை.

சாட்சி எப்படிக் கலைகிறது

இழுவை இல்லை என்று வண்டி வந்து நின்றதும் பட்டறையில் நடக்கும் முதல் வேலை, டேங்கில் டீசல் இருக்கிறதா, அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பது. அந்த நொடியில் வெளிக்காற்று உள்ளே போய்விடும், கோளாறும் போய்விடும். அதன் பிறகு எதை மாற்றினாலும் மாற்றிய பொருளுக்குத்தான் பெயர் கிடைக்கும். ரோடு டெஸ்ட் பாதி டேங்கில் ஓட்டப்படுவதால் அதுவும் ஒன்றையும் காட்டாது.

மெக்கானிக்கைத் திசை திருப்பும் இன்னொன்று நீர்க்குமிழி மாதிரி தெரியும் காற்று. ஃபில்டருக்கு முன்னால் உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு துண்டு போட்டுப் பார்த்தால் டீசலோடு குமிழி ஓடுகிறது. எங்கோ ஏர் எடுக்கிறது என்று முடிவு கட்டி ஒவ்வொரு இணைப்பாக முறுக்குகிறார்கள். ஆனால் டீசலில் எப்போதுமே கொஞ்சம் காற்று கரைந்திருக்கும். டேங்குக்குள் அழுத்தம் விழும்போது அது பிரிந்து குமிழியாக வெளியே வரும். சோடா பாட்டிலைத் திறந்தால் நுரைக்கிற அதே கதை. எங்கும் ஒழுக்கு இல்லாமலே ஏர் வரும். மூடியைத் தளர்த்திய பிறகும் குமிழி ஓடினால் அது உண்மையான ஏர் லீக். தளர்த்தியதும் குமிழி அடங்கினால் டேங்கைப் பாருங்கள்.

இந்த வண்டியில் டேங்கே அடையாளம் காட்டிக்கொண்டுதான் இருந்தது. வெளிப்பக்கத் தகடு நடுவில் உள்வாங்கி, கைப்பிடி அளவுக்குக் குழிந்திருந்தது. எங்கோ இடித்திருக்கும் என்று அதை விட்டுவிட்டார்கள். இடித்த குழியில் பெயின்ட் உரசியிருக்கும், ஓரம் கூர்மையாக மடிந்திருக்கும். இதில் கீறல் ஒன்றுகூட இல்லை. டேங்கைக் கட்டியிருக்கும் பட்டைகள் இரண்டுக்கும் நடுவே தகடு மெதுவாக வளைந்திருந்தது. உள்ளேயிருந்து உறிஞ்சினால்தான் இப்படிக் குழியும்.

அளந்து பார்த்தது

டேங்கை 380 லிட்டருக்கு நிரப்பி, பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் T வடிவ இணைப்புப் போட்டு வெற்றிடக் கேஜ் பொருத்த வேண்டும். மூடியை நன்றாக மூடி, வண்டியை நின்ற இடத்திலேயே ஏற்றிய ஆர்.பி.எம்.மில் ஓட விட வேண்டும். டேங்க் அடியிலிருந்து பம்ப் வரை டீசலை ஒரு மீட்டர் தூக்கவே சுமார் 8 கிலோபாஸ்கல் வேண்டும்; ஃபில்டரும் ஹோஸும் மேற்கொண்டு சிறிது கேட்கும். ஆகவே கேஜ் பூஜ்யத்தில் நிற்காது, நிற்கவும் கூடாது. கவனிக்க வேண்டியது, ஊசி ஓரிடத்தில் நிலைக்கிறதா, ஏறிக்கொண்டே போகிறதா என்பது. ஃபில்டர் அடைத்திருந்தால் கேஜ் உடனே உயர்ந்து அங்கேயே நிற்கும். மூடி மூச்சு விடாவிட்டால் ஊசி நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். இரண்டையும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. அனுமதிக்கும் உச்ச அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். கையேட்டில் இருப்பதே கணக்கு.

இந்த வண்டியில் ஊசி ஏறிக்கொண்டே போனது. மூடியைக் கால் சுற்று தளர்த்தியதும் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது, தகடு 'டப்' என்று வெளியே வந்தது, ஊசி கீழே விழுந்தது.

சாலையில் மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. நிரம்பிய டேங்கில் அது வேண்டாம். வளைவில் சிந்தும் டீசலில் சறுக்கப்போவது பின்னால் வரும் இருசக்கர வண்டிதான்.

ஏன் புல் டேங்கில் மட்டும்

கோளாறின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. 380 லிட்டர் டீசல் இருக்கும்போது மேலே காற்றுக்கு இருப்பது 20 லிட்டர் இடம். எஞ்சின் 2 லிட்டர் எரித்துவிட்டால் அதே காற்று 22 லிட்டருக்குப் பரவ வேண்டும். அழுத்தம் ஏறக்குறைய 9 கிலோபாஸ்கல் விழும். மணிக்கு 35 லிட்டர் எரிக்கும் வண்டிக்கு 2 லிட்டர் என்பது மூன்றரை நிமிட ஓட்டம். பாதி டேங்கில் 200 லிட்டர் காற்று இருக்கும். அதே 2 லிட்டருக்கு விழுவது 1 கிலோபாஸ்கல்தான். மூடியின் ரப்பர் வழியே கசிந்து வரும் கொஞ்சநஞ்சக் காற்று பாதி டேங்கில் போதுமானதாகி விடுகிறது, புல் டேங்கில் போதவில்லை. மூன்றரை நிமிடம் என்பது முக்கால் மணியாக நீண்டதற்கும் அந்தக் கசிவும் தகடு உள்வாங்கியதும்தான் காரணம்.

120-க்கு 60 செ.மீ. பக்கத் தகட்டின் பரப்பு 0.72 சதுர மீட்டர். உள்ளே 10 கிலோபாஸ்கல் குறைந்தால் வெளிக்காற்று அந்தத் தகட்டை 7,200 நியூட்டன் விசையோடு அழுத்தும். முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு நடையிலும் இது நடக்கும்போது தகடு உள்ளேயும் வெளியேயுமாக ஆடுகிறது. அலுமினியத்துக்கு இந்த ஆட்டம் ஆகாது. உள்தடுப்புத் தகடு ஒட்டியிருக்கும் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் ஆரம்பிக்கும். டேங்கின் கொள்ளளவும் குறைவதால் அளவுமானியும் ஒழுங்காகக் காட்டாது. டீசல் திருட்டு என்று டிரைவர் மேல் பழி விழும் இடம் இது.

மூடியில் என்ன தவறு

பழைய மூடி தொலைந்தபின் பூட்டு உள்ள மூடி ஒன்று வாங்கிப் போட்டிருந்தார்கள். விட்டம் சரி, டேங்க் கழுத்தில் மாட்டிப் பிடிக்கும் காதுகள் சரியாக உட்கார்ந்தன, சாவி சுழன்றது. குறை என்ன என்றால் அது மூச்சு இல்லாத மூடி. டேங்கின் மேல்தளத்தில் தனி மூச்சுக் குழாய் இருக்கும் வண்டிகளுக்காகச் செய்தது. இந்த டேங்கில் அப்படி எதுவும் இல்லை. மூச்சு மூடியிலேயே இருந்தது. கடையில் 'அறுபதா, எண்பதா' என்ற விட்டக் கேள்வியோடு வியாபாரம் முடிந்துவிட்டது.

ஆக மூடி வாங்கப் போகும் முன் டேங்கின் மேல்தளத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். அளவுமானியின் வயர், டீசல் போகும் குழாய், திரும்பி வரும் குழாய் இவை தவிர, சேசிஸுக்கு மேலே வளைந்து போகும் சிறு ஹோஸோ, காளான் தலை மாதிரி ஒரு வால்வோ இருந்தால் டேங்குக்குத் தனி மூச்சு உண்டு. ஹோஸை எடுத்துக் கைப்பம்பால் காற்று போகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். சேறும் குளவிக்கூடும் அடைத்த மூச்சுக் குழாய் இல்லாததற்குச் சமம். தனி மூச்சு வேலை செய்தால் மூச்சு இல்லாத மூடி போதும். இல்லையென்றால் மூச்சுள்ள மூடிதான், வேறு பேச்சு இல்லை.

மூச்சுள்ள மூடி என்றால் துளை போட்ட மூடி என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே சிறு குண்டோ, குடை போன்ற ரப்பர் வால்வோ இருக்கும். காற்று உள்ளே வர எளிதில் திறக்கும். வெயிலில் டீசல் விரிந்தால் சிறிது அழுத்தத்துக்குப் பிறகு வெளியேயும் விடும். வண்டி கவிழ்ந்தால் குண்டு உருண்டு வழியை அடைத்துவிடும். கவிழ்ந்த டேங்கிலிருந்து நிமிடத்துக்கு 30 கிராமுக்கு மேல் ஒழுகக்கூடாது என்கிறது ஐக்கிய நாடுகளின் வாகன விதி 34. அமெரிக்க விதி 393.67 ஒரு அவுன்ஸ் என்கிறது, ஏறக்குறைய அதே அளவு. தீப்பிடித்த டேங்க் வெடித்துவிடாமல் அழுத்தத்தை வெளியேற்றும் ஏற்பாடும் வேண்டும் என்று அதே அமெரிக்க விதி கேட்கிறது. சில மூடிகளில் அதற்காகவே உருகும் அடைப்பு ஒன்று பதித்திருப்பார்கள். பழைய மூடியில் அது இருந்திருந்தால், புதியதிலும் இருக்க வேண்டும்.

புது மூடியைக் கடையிலேயே சோதிக்கலாம். சுத்தமான சிறு ஹோஸை உள்பக்கத் துளையில் வைத்து உறிஞ்சினால் காற்று தடையில்லாமல் வர வேண்டும். பயன்படுத்திய மூடியில் வாய் வைக்க வேண்டாம், கைப்பம்ப் இருக்கிறது. இதிலும் ஒரு பொறி உண்டு: துளையைப் பார்க்கும் வசதிக்காக மூடியைக் கவிழ்த்துப் பிடித்து உறிஞ்சினால் குண்டு அடைத்துக்கொள்ளும், நல்ல மூடி கெட்ட மூடியாகத் தெரியும். டேங்கில் உட்காரும் நிலையிலேயே பிடித்துச் சோதிக்க வேண்டும்.

விட்டத்தைத் தாண்டிய அளவுகள்

காது வைத்து அடைக்கும் பயனெட் வகையில் 60, 80 மி.மீ. இரண்டும் பரவலாக இருக்கின்றன. மரை வகை வேறு குடும்பம். அளக்க வேண்டியவை நான்கு. டேங்க் கழுத்தின் உள்விட்டம், வெர்னியர் அளவுகோலால் மூன்று திசையில். டீசல் நிரப்பும் நாசில் இடித்து இடித்துக் கழுத்து முட்டை வடிவமாகியிருந்தால் மூன்றும் மூன்று அளவு காட்டும், அப்படிப்பட்ட கழுத்தில் எந்த மூடியும் சரியாக அடைக்காது. காதுகள் நுழையும் வெட்டின் அகலம். கழுத்தின் வெளிவிளிம்பு விட்டம். கடைசியாக, பலர் மறப்பது, விளிம்பின் மேல்பக்கத்திலிருந்து காது பிடிக்கும் சாய்தளம் வரையுள்ள ஆழம். விட்டம் ஒன்றாகவே இருந்தும் இந்த ஆழம் ஒரு மில்லிமீட்டர் கூடினால் மூடி திருகவே திருகாது; குறைந்தால் திருகி முடிந்த பிறகும் ரப்பர் அழுந்தாமல் லொடலொடக்கும். டீசல் உறிஞ்சும் திருட்டைத் தடுக்கக் கழுத்துக்குள் வலைக்கூடு இறக்கியிருந்தால் அதன் விளிம்பு கழுத்தின் மேல் உட்கார்ந்து இந்த ஆழத்தை மாற்றிவிடும். கூட்டைப் பொருத்திய பிறகுதான் அளக்க வேண்டும்.

ரப்பர் வளையம் நைட்ரைலாக இருந்தால் சாதாரண டீசலுக்குப் போதும். பயோடீசல் கலப்பு அதிகமுள்ள எரிபொருளுக்கு விட்டான் எனப்படும் எஃப்.கே.எம். தாங்கும். பட்டறையில் கிடக்கும் ரேடியேட்டர் ரப்பரிலிருந்து வெட்டிப் போடுவது மட்டும் கூடாது. அது பெரும்பாலும் ஈ.பி.டி.எம்., டீசலில் ஊறி உப்பி, பள்ளத்தை விட்டு வெளியே வந்து தொங்கும். உப்பிய ரப்பர் உள்ள மூடியை அடுத்த முறை திறக்க டிரைவர் ஸ்பானரால் தட்டுவார், காது உடையும். பூட்டுத் துவாரத்துக்கு கிராஃபைட் தூள் போதும். எண்ணெய் விட்டால் புழுதி சேர்ந்து களிம்பாகி, சாவி உள்ளேயே முறியும்.

நீல மூடி, புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா கரைசலின் டேங்குக்கு உரியது. அது டீசல் டேங்கில் உட்கார்ந்தாலும் அங்கே வைக்கக்கூடாது. அடுத்து வருபவர் நிறத்தைப் பார்த்து எதை ஊற்றுவார் என்று சொல்ல முடியாது.

மாற்றிய விதம்

எஞ்சின் அணைந்து, பக்கத்தில் நெருப்போ கிரைண்டரோ இல்லாத இடத்தில் வேலை. பழைய மூடியைத் திறக்கும் முன்னால் கழுத்தைச் சுற்றிப் பிரஷ் போட்டுத் துடைக்க வேண்டும். வரிசை மாறி, திறந்த பிறகு காற்று அடித்துச் சுத்தம் செய்தால் மண் முழுக்க டேங்குக்குள் போகும். காமன் ரெயில் இன்ஜெக்டரின் உள்பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்கள்தான். ஃபில்டர் இருக்கிறதே என்று மண்ணைக் கொடுத்து சோதிக்க வேண்டியதில்லை.

கால் சுற்று திருப்பி, உஸ் சத்தம் அடங்கும்வரை நின்று, பிறகு எடுக்க வேண்டும். நூல் பிரியாத துணியால் விளிம்பைத் துடைத்து, ஒட்டியிருக்கும் பழைய ரப்பரைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்ட வேண்டும். அலுமினிய விளிம்பில் எமரி போட்டால் அதன் துகள் நேரே கீழே விழும். இந்த வண்டியில் மூடி தொலைந்த நாட்களில் துணியை உருட்டிச் செருகி ஓட்டியிருந்தார்கள். டேங்கின் அடியில் வடிகுழாயைத் திறந்தபோது அந்தத் துணியின் பஞ்சு வந்தது. உறிஞ்சும் குழாயின் வலையையும் அதனால் கழற்றிப் பார்க்க வேண்டியிருந்தது.

புது மூடியின் ரப்பரில் விரலால் டீசல் தொட்டுத் தடவி, கழுத்து விளிம்பில் சாக்பீஸைப் படிய விட்டு, மூடியை ஒருமுறை மூடித் திறந்தால் ரப்பரில் வெள்ளை வளையம் பதியும். வளையம் முழுசாக இருந்தால் அடைப்பு சரி. இங்கே முதலில் இரண்டு விரல் அகலத்துக்கு வளையம் அறுந்திருந்தது. அந்த இடத்தில் விளிம்பு நாசில் பட்டு ஒடுங்கியிருந்தது. மரக்கட்டையை அணைத்து மெதுவாகத் தட்டி நிமிர்த்திய பிறகு வளையம் கூடியது. சாக்பீஸ் தூளைத் துடைத்தெடுத்துவிட்டே மூட வேண்டும்.

சங்கிலி நாசிலுக்குக் குறுக்கே விழாத நீளத்தில் இருக்க வேண்டும். உள்ளே தொங்கும் சங்கிலி என்றால் அளவுமானியின் மிதவையில் மாட்டாத நீளமா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு 95 சதவீதம், அதாவது 380 லிட்டர் வரை நிரப்பி, அதே கேஜோடு அதே சோதனை. ஊசி ஓரிடத்தில் நின்றது. 95-க்கு மேல் ஊற்றாததற்குக் காரணம் உண்டு: 400 லிட்டர் டீசல் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 10 லிட்டர் விரியும். கழுத்து வரை ஊற்றிவிட்டு வெயிலில் நிறுத்தினால் எந்த மூச்சு மூடியும் ஒழுகத்தான் செய்யும், மூடியைக் குறை சொல்லிப் பயனில்லை.

துளை போடும் வைத்தியம்

மூச்சு இல்லாத மூடியில் மூன்று மில்லிமீட்டர் துளை போட்டு விடுவது பட்டறைகளில் சாதாரணம். வண்டி இழுக்கும், உண்மை. மூடியின் மேல்பக்கம் பெரும்பாலும் கிண்ணமாகக் குழிந்திருக்கும். மழையிலும் வாட்டர் சர்வீஸிலும் அதில் தண்ணீர் நிற்கும். பகலில் சூடான டேங்க் மழையில் குளிரும்போது உள்காற்று சுருங்கி, நிற்கிற தண்ணீரை அப்படியே துளை வழியே உறிஞ்சும். அடியில் தேங்கும் தண்ணீரில் கருப்பு வழுவழுப்பாகக் கிருமி வளர்ந்து ஃபில்டரை அடைக்கும்; மறுபடி இழுவை இல்லை என்று வண்டி வரும், இந்த முறை காரணம் வேறு. வளைவில் சிந்தும், கவிழ்ந்தால் கொட்டும் என்பவை தனி. வேறு மூடி கிடைக்கும் வரை ஊர் போய்ச் சேர வேண்டுமானால் அரை டேங்குக்கு மேல் நிரப்பாமல், இடையிடையே நிறுத்தி மூடியைத் தளர்த்தி மூடுவது துளையைவிட மேல்.

இரட்டை டேங்க் வண்டிகளில் இதே கோளாறு வேறு முகத்தோடு வரும். அடியில் குழாயால் இணைந்த இரண்டு டேங்கில் ஒன்றின் மூடி மட்டும் மூச்சு விடாவிட்டால் அதில் டீசல் இறங்காது, மற்றதில் மளமளவென இறங்கும். 1 கிலோபாஸ்கல் வித்தியாசத்துக்கே மட்டம் சுமார் 12 செ.மீ. மாறும். எஞ்சின் நிற்காது, ஒரு பக்கம் நிறைய, ஒரு பக்கம் காலி என்றுதான் புகார் வரும். மூடிகளை ஜோடியாக, ஒரே வகையில் மாற்ற வேண்டும்.

டேங்க் என்னவாயிற்று

தகடு கையோடு வெளியே வந்துவிட்டாலும் பட்டைகளைக் கழற்றி, அடியில் இருக்கும் ரப்பரை எடுத்து, வெல்டிங் ஓரங்களைத் துடைத்து விரிசல் காட்டும் சாயம் தெளித்துப் பார்க்க வேண்டும். குழி வெளியே வராத டேங்கைக் கம்ப்ரஸர் காற்று ஏற்றி நிமிர்த்துவது உயிரோடு விளையாடுவது. காற்று தண்ணீர் மாதிரி இல்லை, வெல்டிங் விட்டால் அத்தனை அழுத்தமும் ஒரே நொடியில் விடுபடும். விரிசல் கண்டால், டீசல் ஆவி முழுக்க நீங்கும்படி கழுவிச் சுத்தம் செய்து கொடுக்கும் இடத்தில்தான் வெல்டிங். இங்கே சாயம் ஒரு கோட்டையும் காட்டவில்லை. தகட்டில் மேலோட்டமான அலை மட்டும் மிஞ்சியது. அளவுமானியை மட்டும் திரும்ப அளவு பார்த்து வைத்தார்கள். கழற்றிப் போட்ட பழைய ஃபீட் பம்ப்பைப் பெஞ்சில் வைத்துப் பார்த்தபோது அதில் ஒரு குறையும் இல்லை.